கட்டை வச்சாச்சா

நீடாமங்கலத்தில் மேடு என்று சொல்லிக்கொள்ள
ஆற்றங்கரை உண்டு, அவ்வளவுதான்.
மீதியெல்லாம் தாம்பாளம்.
தாம்பாளத்திலும் எது உசத்தி எது தாழ்வு என்று
தண்ணீருக்கு மட்டும் தெரியும்.
பொதுப்பணித்துறையில் பதினோரு வருஷம்
லெவல் மெஷினுக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்ததில்
எனக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

ரோடு போட்டுப் போட்டு வாசலைத் தாண்டியதும்
வீட்டைத் தூக்கினோம்.
ஹரியானாவிலிருந்து பதினாறு பேர்.
சுவருக்கடியில் வரிசையாய் ஜாக்கி சொருகி
விசில் ஊத ஊத ஒரே சமயத்தில் திருகினார்கள்.
சமையலறை டம்ளரில் தண்ணீர் அலுங்கவில்லை.
மூன்றடி.

மேலே ஸ்கூட்டருக்கும் தொட்டிக்கும்தான் இடம்.
கார் சரிவிலேயேதான் நிற்க வேண்டும்.
பதினெட்டடிக்குச் சிமெண்ட்டைச் சரித்து இழுத்து
விளக்குமாற்றால் கோடு கிழித்த மேஸ்திரி செல்லையன்
"ஏறிடும் மேடம்" என்றான்.
ஏறியது.
நிற்குமா என்று அவனும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

திருவாரூரில் ஒரு பல் டாக்டரிடம் வாங்கிய பழைய கார்.
முதல் ராத்திரி ஹேண்ட்பிரேக்கை
கிர்ர் கிர்ரென்று மேலே மட்டும் இழுத்துவிட்டுப் படுத்தேன்.
கியர் நியூட்ரலில்.
சூட்டில் பிடித்த பிரேக் ஆறினால் தளரும் என்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.

இரண்டேகாலுக்கு இறங்கியிருக்கிறது.
ஷட்டரை ஓர் அங்குலம் தூக்கினால்
வாய்க்கால் கிளம்புமே, அப்படி,
விளக்கில்லாமல், சத்தமில்லாமல்
ரோட்டைக் கடந்து
எதிர்வீட்டுப் பக்கிரிசாமி குவித்திருந்த குறுவை நெல்லில்
பின்பக்கத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது.

நெல்லுக்குக் காவலாய் ஒரு கயிற்றுக் கட்டில்.
கட்டிலில் ஒரு கால் முறிந்திருந்தது.
போர்வை, டயருக்கடியில்.

நான் கத்தவில்லை.
குனிந்து பார்க்கவும் முடியவில்லை.
போர்வையில் இருந்த கட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஏன் எண்ணினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

வேலியோரமிருந்து லுங்கியை முடிந்தபடி வந்த பக்கிரிசாமி
காரைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
"நல்லவேளை, ஒண்ணுக்கு வந்துச்சு" என்றார்.
அப்புறம்தான் அவருக்குக் கை நடுங்கியது.

விடிந்ததும் ஆபீஸ் மெஷினைக் கொண்டுவந்து வைத்தேன்.
ரோடு இரண்டு அங்குலம் அவர் பக்கம் சாய்ந்திருந்தது.

இப்போதெல்லாம் காரை நிறுத்த
நாலு நிமிஷமாகிறது எனக்கு.
காலால் பிரேக்கை மிதித்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து,
மிதியை மெல்ல விட்டுப் பார்ப்பேன்.
பாரம் கேபிளில் உட்காருகிற முனகல் வரும்.
திரும்ப மிதித்து, முதல் கியர்.
முகம் மேலே பார்த்து நிற்பதால் முதல் கியர்,
கீழே பார்த்து நின்றால் ரிவர்ஸ்.
எல்லாம் கைவிட்டாலும் என் மதிலில் போய் முட்டட்டும் என்று
ஸ்டீயரிங்கை ஒடித்து வைப்பேன்.
கடைசியில் கட்டை.
கழித்துப் போட்ட மதகுப் பலகையை ஆப்பாய்ச் செதுக்கியது.
எத்தனை வருஷம் வெண்ணாற்றைத் தடுத்த மரம்,
எண்ணூறு கிலோவைத் தாங்காதா.

ஒன்பதரைக்கு எதிர்த்த வீட்டிலிருந்து குரல் வரும்:
"கட்டை வச்சாச்சா?"
"வச்சாச்சுண்ணே."
ஆனாலும் கட்டிலை
நான்கடி தள்ளித்தான் போடுகிறார்.
நான் அதைப் பார்க்காத மாதிரி உள்ளே வந்துவிடுவேன்.

ஐப்பசி பிறந்து நேற்றுதான் கொட்டித் தீர்த்தது.
கார் இம்மியும் அசையவில்லை.
என் சரிவில் விழுந்த மழையெல்லாம்
செல்லையன் கிழித்த கோடு கோடாய் இறங்கி,
அன்றைக்குக் கார் போன அதே தடத்தில்
ரோட்டைக் கடந்து
தூக்காத வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

கணுக்கால் தண்ணீரில் நின்று
வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தவர்
என்னைக் கண்டதும், பழக்கத்தில்,
"கட்டை வச்சாச்சா?" என்றார்.

காருக்கு
வைத்திருந்தேன்.